அத்தியாயம் 7: கேபினட்டுக்குக் காற்று வழி

"அண்ணாச்சி, சிபியு ரொம்ப இரையுது. கோரல்ல பெரிய ஃபைலை பிடிஎஃப் போட்டா அப்படியே நின்னுபோகுது."

சிவகாசி, திருத்தங்கல், நாரணாபுரம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் சித்திரை பிறந்ததும் கேட்கத் தொடங்கும் புகார் இது. புது வருடக் காலண்டருக்கான ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளிவர வேண்டும். அதற்கான டிசைன் வேலை வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் நடக்கிறது. பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் வேலையும் அப்போது சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரைப் பிழிந்து வேலை வாங்கும் பருவமும் அறை கொதிக்கும் பருவமும் இந்த வட்டாரத்தில் ஒன்றாகவே வருகின்றன.

இரைச்சல் என்றதும் ஃபேனை மாற்றுவதுதான் வழக்கம். விலை கூடிய ஃபேனாகவே வாங்கி மாட்டினாலும் இரண்டு மாதத்தில் பழைய சத்தம் திரும்பிவிடுகிறது. ஃபேனில் குறை இல்லை. உள்ளே புதுக் காற்று வர வழியில்லாததால் சூடு ஏறுகிறது. சூடு ஏறுவதால் மதர்போர்டு ஃபேனை விரட்டுகிறது. விரட்டப்பட்ட ஃபேன் அதே சூட்டுக் காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. அதனால் இந்த வேலையின் வரிசை முக்கியம். முதலில் கேபினட்டின் முன்பக்கத்தைத் திறக்க வேண்டும். ஃபேன் வாங்குவது அதற்குப் பிறகு.

நம்மூர்க் காற்றில் இருப்பவை

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. இந்த வறட்சிதான் இங்கே தொழிலைக் கொண்டுவந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-ல். அதன் பிறகு பட்டாசும், லேபிள் தேவைக்காக அச்சும் வளர்ந்தன. மருந்து காயவும் மை காயவும் உதவிய அதே வறண்ட வெயில் கம்ப்யூட்டருக்கு ஆகாது. காற்றால் குளிரும் எந்த இயந்திரமும் அறையின் சூட்டுக்குக் கீழே போக முடியாது. அறை 36 டிகிரி என்றால் கணக்கு 36-லிருந்துதான் தொடங்கும். முன்பக்கம் அடைத்த கேபினட்டின் உள்ளே காற்று 46 ஆகிறது. பிராசசர் வேலை செய்யும்போது தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் 86-ல் நிற்கும். பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரிக்குப் பக்கத்தில் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க்கில் தூசி அடைத்தால் அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது. பிடிஎஃப் போடும்போது "நின்னுபோகுது" என்கிறார்களே, அதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

இன்டெல் 2000-களில் கேபினட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்தது. பிராசசரின் ஃபேனுக்குள் நுழையும் காற்று 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பழைய கேபினட்டுகளின் சைடு பேனலில் வட்டமாக ஓட்டைகளும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலக்குக்காக வந்தவை அவை. நம்மூரில் சித்திரையில் அறையே 36-ஐத் தாண்டும்போது கேபினட்டுக்குள் சூடு கூடுவதற்கு மிச்சம் இருப்பது இரண்டு டிகிரி கூட இல்லை.

அடுத்தது தூசி. அச்சகத்தை ஒட்டிய டிசைன் அறையில் பறப்பது தெருத் தூசி மட்டும் அல்ல. கட்டிங் மெஷினிலிருந்து காகிதத் துகள் வருகிறது. ஆஃப்செட் மெஷினில் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமல் இருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடரும் வருகிறது. பெரும்பாலும் மாவுப் பொருளால் ஆனது அது. மெஷினிலிருந்து கிளம்பும் மையின் நுண்துளிகளோடு இவை சேர்ந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே கம்பளி போலப் படிந்துவிடும். ஊதினால் போகாது, பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஃபேனைக் கூட்டினால் இந்தத் தூசியை இன்னும் வேகமாக உள்ளே இழுப்போம், அவ்வளவுதான்.

எதையும் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது எச்டபிள்யூமானிட்டர் இரண்டில் ஒன்றை நிறுவுங்கள். இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு சாதாரண சுவர் வெப்பமானியைக் கேபினட் அருகில் வையுங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையில் மிகக் கனமானதைத் தொடர்ந்து அரைமணி நேரம் ஓடவிட்டு அறைச் சூடு, பிராசசர் சூடு, ஃபேன் சுற்று மூன்றையும் எழுதுங்கள். பிறகு சைடு பேனலைக் கழற்றி வைத்துவிட்டு அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள்.

பேனல் கழற்றியதும் பிராசசர் 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் உங்கள் கேபினட் மூச்சுத் திணறுகிறது. இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான். ஒன்றிரண்டு டிகிரி மட்டுமே மாறினால் கேபினட்டை வெட்ட வேண்டாம். ஹீட்சிங்க்கில் அடைப்பு இருக்கும், அல்லது அதற்கும் பிராசசருக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டிலிருந்து விடுபட்டிருக்கும். கூலரை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தாலே கடைசிக் குறை தெரிந்துவிடும். பேஸ்ட் மாற்றுவதாக இருந்தால் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் பச்சைப்பயறு அளவு வையுங்கள், போதும்.

பேனலைக் கழற்றியே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் ஓரிரு நாள் செய்யலாம். அச்சக அறையில் வேண்டாம். ஸ்ப்ரே பவுடர் நேரே போர்டின் மேல் இறங்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே பிரித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, கேபினட் ஃபேன்களில் ஒன்றின் வயரைக் கழற்றிவிட்டு இயக்குங்கள், பிறகு அடுத்தது. பிராசசர் ஃபேனை மட்டும் கழற்ற வேண்டாம். கேபினட் ஃபேன்கள் எல்லாம் நின்ற பிறகும் 'ம்ம்ம்' என்ற ஒலி கேட்டால் அது பிராசசர் ஃபேன், எஸ்எம்பிஎஸ் ஃபேன் அல்லது ஹார்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க்கின் அதிர்வு தகரக் கேபினட் முழுவதும் பரவும். விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றி, ஹார்டு டிஸ்க்கை ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினால் அந்த ஒலி பெரும்பாலும் அடங்கிவிடும்.

முன்பக்கம்

பல கேபினட்டுகளின் முகம் வழவழப்பான பிளாஸ்டிக், அல்லது கண்ணாடி. காற்று புக விளிம்பில் ஒரு விரல் அகலக் கீற்று மட்டும் விட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் மூன்று ஃபேன் மாட்டியிருந்தாலும் கீற்றின் அளவுக்குத்தான் காற்று வரும். புதிதாக வாங்குவதாக இருந்தால் முகம் முழுவதும் வலையாக உள்ள கேபினட்டையே கேளுங்கள். வண்ண விளக்குகளும் கண்ணாடியும் கடை அலமாரியில் அழகாக இருக்கும்; நாரணாபுரத்து மே மாதத்துக்கு அவை தேவையில்லை.

இருப்பதையே சீர்செய்வதாக இருந்தால் முகமூடியை இழுத்தால் கழன்று வரும். அதன் நடுப்பகுதியை வெட்டி எடுத்து, உட்புறமாகத் துளையிட்ட அலுமினியத் தகடு அல்லது கம்பி வலையைப் பதியுங்கள். பட்டறையில் கொடுத்தால் ஓரம் சுத்தமாக வரும். அடுத்து உள்ளே தகரச் சட்டத்தைப் பாருங்கள். ஃபேன் மாட்டும் இடத்தில் சிறுசிறு ஓட்டைகளாகக் குத்திய தகடு இருந்தால் அது காற்றை மறிப்பதோடு, ஃபேன் இறக்கை அதன் அருகே சுழலும்போது சீறலும் எழுப்பும். அந்தத் தகட்டை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய கம்பி கிரில் போடுங்கள். பின்பக்க ஃபேனுக்கும் இதையே செய்யலாம். செலவு மிகக் குறைவு, பலன் காதுக்கே தெரியும்.

துளை அளவுகள்: 120 மி.மீ. ஃபேனுக்குத் திருகுத் துளைகளின் இடைவெளி 105 மி.மீ.; 140-க்கு 124.5, 92-க்கு 82.5, 80-க்கு 71.5. அட்டையில் வரைந்து, தகரத்தில் ஒட்டிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், டிஸ்க் அனைத்தையும் வெளியே எடுத்திருக்க வேண்டும். இரும்புத் தூள் ஒரு துணுக்கு போர்டில் கிடந்தாலும் ஷார்ட் ஆகும். வெட்டி முடித்ததும் கேபினட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பொருத்துங்கள்.

டிவிடி டிரைவை இப்போது யாரும் தொடுவதில்லை. அதையும் அதற்கான கூட்டையும் எடுத்துவிட்டால் முன்பக்கத்தின் மேல்பாதி திறந்துவிடும். ரிவெட் வைத்து அடித்த கூடு என்றால் டிரில்லால் ரிவெட்டின் தலையை எடுக்க வேண்டும். கேபிள்களைப் பின்பக்கமாகக் கட்டி ஒதுக்குவதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான், ஆனால் அதற்கு நாள் முழுக்கச் செலவிட வேண்டாம். முன் ஃபேனுக்கும் பிராசசருக்கும் நடுவில் கேபிள் கொத்து தொங்காமல் இருந்தால் போதும்.

வடிகட்டிக்கு எளிய தீர்வு ஜன்னலில் அடிக்கும் நைலான் கொசுவலை. முகமூடியின் உட்புறத்தில், கழற்றிக் கழுவும்படி காந்தப் பட்டையாலோ வெல்க்ரோவாலோ ஒட்டுங்கள். பக்கத்திலேயே கிடைக்கிறது என்று ஸ்கிரீன் பிரிண்டிங் துணியை எடுத்து ஒட்ட வேண்டாம். அதன் கண்கள் மிக நுண்ணியவை. தூசியோடு காற்றையும் நிறுத்திவிடும். கொசுவலை மிக நுண்ணிய பவுடரைப் பிடிக்காது என்பது உண்மை. காகிதத் துகளையும் பஞ்சையும் பிடித்துவிடும். ஹீட்சிங்க்கில் அடை கட்டுவதற்கு அடித்தளம் போடுபவை அவைதான்.

ஃபேன்: பெரியது, மெதுவானது

இப்போது ஃபேன் வாங்கலாம். ஒரு கணக்கு சொல்கிறேன். பெரிய கிராபிக்ஸ் கார்டு இல்லாத டிசைன் கம்ப்யூட்டர் முழு வேலையில் 200 வாட் வெப்பம் வெளியிடுகிறது என்று கொள்வோம். உள்ளே காற்று அறையைவிட 5 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2 கன மீட்டர், அதாவது 70 கன அடி காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். முன்னால் தடை இல்லாவிட்டால் நல்ல 120 மி.மீ. ஃபேன்கள் இரண்டு, ஆயிரத்துச் சொச்சம் சுற்றிலேயே ஏறக்குறைய அந்த அளவைத் தந்துவிடும். ஆறேழு ஃபேன் தேவைப்படுவதில்லை.

மெதுவாகச் சுற்றுவதன் லாபம் பெரியது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். அதே மாதிரி இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே ஒரு ஃபேன் முழு வேகத்தில் தரும் காற்றை இரண்டு ஃபேன்கள் பாதி வேகத்தில் தரும்போது, சுமார் 12 டெசிபல் அமைதி கிடைக்கிறது. இது காதுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம். அளவிலும் இதே லாபம் உண்டு. 120 மி.மீ. ஃபேனின் பரப்பு 80 மி.மீ. ஃபேனைவிட இரண்டேகால் மடங்கு. பின்பக்கத்தில் பழைய 80 மி.மீ. ஃபேன் கீச்சிட்டுக்கொண்டிருந்தால், இடம் இருக்கும்வரை பெரிதாக வெட்டி 120 மாட்டுங்கள்.

வலைக்கும் வடிகட்டிக்கும் பின்னால் மாட்டும் ஃபேன் தடையைத் தாண்டிக் காற்றை இழுக்க வேண்டும். அகலமான, நெருக்கமான இறக்கை உள்ளதாக வாங்குங்கள். ஆர்க்டிக் பி12 போன்றவை இந்த வேலைக்கு ஏற்றவை, விலையும் கட்டுப்படியாகும். ஆஸ்திரியாவின் நாக்டுவா இன்னும் சிறந்தது. அந்தப் பணத்தில் பாதியை எஸ்எஸ்டிக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. மலிவான ஃபேன்களில் இருக்கும் ஸ்லீவ் பேரிங் நம்மூர்ச் சூட்டில் எண்ணெய் வற்றி உறுமத் தொடங்கும், அதுவும் படுக்கைவாட்டில் மாட்டினால் சீக்கிரமே. அட்டையில் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் அல்லது பால் பேரிங் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. இந்த அமைப்பே பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டருக்குப் போதும். ஃபேனின் எந்தப் பக்கத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும். உள்ளே வருவது கூடுதலாகவும் வெளியே போவது குறைவாகவும் இருந்தால் கேபினட்டுக்குள் அழுத்தம் சற்று உயர்ந்திருக்கும். இடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சப்படாது. வருகிற காற்றெல்லாம் வலை வழியாகவே வரும். அச்சகத்துக்கு இது மிக அவசியம். பின்புறம் கார்டு இல்லாத ஸ்லாட்டுகளுக்கு மூடு தகடு காணாமல் போயிருந்தால் அட்டை வைத்தாவது அடையுங்கள். மேல்கூரையில் ஓட்டை இருக்கிறதே என்று முன்ஓரமாக ஒரு ஃபேன் மாட்ட வேண்டாம். உள்ளே வந்த புதுக் காற்றை பிராசசரை அடையும் முன்பே வெளியே தள்ளிவிடும்.

பிராசசரோடு பெட்டியிலேயே வந்து அதன் மேல் கவிந்திருக்கும் கூலருக்குப் பதில் 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர் போட்டால் சத்தம் இன்னும் இறங்கும். பல டவர் கூலர்கள் 155 மி.மீ. உயரம் இருக்கும். போர்டிலிருந்து சைடு பேனல் வரை உள்ள இடத்தை அளந்த பிறகு கடைக்குப் போங்கள். ஒல்லியான கேபினட்டில் அது நுழையாது.

வேகத்தை அமைத்தல்

பயாஸுக்குள் போய் நான்கு ஊசி ஃபேனுக்கு பிடபிள்யூஎம் என்றும் மூன்று ஊசி ஃபேனுக்கு டிசி என்றும் தேர்ந்தெடுங்கள். மூன்று ஊசி ஃபேனை பிடபிள்யூஎம்மில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். நிறையப் பேர் வீட்டு இரைச்சலுக்கு இந்த ஒரு அமைப்பே காரணம்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் காணொளிகளில் காட்டும் வேக அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவர்கள் அறை 20 டிகிரி. பிராசசர் 40-ஐத் தாண்டினால் வேகம் கூடட்டும் என்று அமைப்பார்கள். நம் அறை 36 இருக்கும்போது வேலையே செய்யாத பிராசசர் 48-ல் நிற்கும். ஃபேன் காலையிலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். நம்மூருக்கு 60 டிகிரி வரை 35 சதவீதத்திலேயே வைத்திருங்கள். 75-ல் 60 சதவீதம், 85-ல் முழு வேகம். வேகம் மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சில விநாடிகள் கூட்டி வையுங்கள். ஃபைல் திறக்கும்போதெல்லாம் ஃபேன் ஏறி இறங்குவது நிற்கும். சீராக ஓடும் ஒலியைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் மனிதரைக் களைக்கவைக்கிறது.

ஒரே இணைப்பில் ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு மூன்று ஃபேன்களை மாட்டலாம். மதர்போர்டு இணைப்புகள் பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன்களின் முதுகில் போட்டிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடமும் துடைக்கும் முறையும்

கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்ப்பெட்டிக்குள் சிபியுவைத் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. பின் பலகையை எடுத்துவிடுங்கள். சுவருக்கும் கேபினட்டின் முதுகுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் வைக்காமல் நாலைந்து அங்குலம் உயர்த்தி வைத்தால் பெருக்கும்போது எழும் தூசி அவ்வளவாக ஏறாது. மெஷின் ஹாலைப் பார்த்த கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்காதீர்கள்.

பலரும் ஆயுத பூசைக்குத்தான் கேபினட்டைத் திறக்கிறார்கள். அச்சக அறைக்கு அது போதாது. மாசிக் கடைசியில், வெயில் ஏறும் முன், ஒரு முறை முழுதாகத் திறந்து சுத்தம் செய்யுங்கள். ஆடி வேலை முடிந்ததும் இன்னொரு முறை. கொசுவலையை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

வறண்ட காற்றில் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொடுவது எதற்கு என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேபினட்டுக்குள் கை வைக்கும் முன்பும், எர்த் சரியாக உள்ள ஏதாவது ஒரு வெற்று உலோகத்தைத் தொட்டுவிடுங்கள்.

பட்டாசு ஆலை அலுவலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கம்ப்யூட்டரும் ப்ளோயரும் மருந்து அறைப் பக்கமே போகக் கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. துணியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வரும் அலுமினியப் பவுடரைத்தான் மறந்துவிடுகிறோம். அது மின்சாரம் கடத்தும். போர்டில் படிந்தால் ஷார்ட் ஆகும். காற்றில் மேகமாக எழும்பினால் தீப்பிடிக்கும். ப்ளோயர் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஓயாமல் பொறி விடும். எனவே கேபினட்டுக்குள் வெள்ளி நிறத் தூள் தெரிந்தால் ப்ளோயரையும் வாக்குவம் கிளீனரையும் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டைத் திறந்த வெளிக்கு எடுத்துப் போய், மெல்லிய பிரஷ்ஷாலும் சற்றே நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியாலும் சட்டத்தைத் துடைத்து எடுங்கள். போர்டில் பிரஷ் மட்டும் போதும். கம்ப்யூட்டரை மருந்து வேலை பார்த்த துணியோடு யாரும் நுழையாத அறைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் தொடக்கத்தில் செய்த அரைமணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அறைச் சூடு, பிராசசர் சூடு, ஃபேன் சுற்று, தேதி நான்கையும் ஒரு லேபிளில் எழுதி சைடு பேனலின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பிறகு எப்போதாவது, அதே அறைச் சூட்டில் பிராசசர் 5 டிகிரி கூடியிருந்தால் முதலில் வலையைக் கழுவுங்கள். கழுவியும் இறங்காவிட்டால் ஹீட்சிங்க்கைத் திறந்து அடைப்பைப் பாருங்கள். அதிலும் அடைப்பு இல்லையென்றால் பேஸ்ட் மாற்ற வேண்டும்.